மாட வீதியில் ஏறும் முள்

மந்தைவெளியிலிருந்து அடையாறு சிக்னல் அப்படியொன்றும் தூரமில்லை. ஆர்.கே. மடம் சாலையில் தெற்கே போய், கிரீன்வேஸ் ரோடு சந்திப்பைத் தாண்டி, துர்காபாய் தேஷ்முக் சாலையில் திரும்பி, திரு.வி.க. பாலம் ஏறி இறங்கினால் அடையாறு. காலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம். மாலை ஆறு மணிக்கு எவ்வளவு என்று கேட்டால், மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்ததிலிருந்து அந்தப் பக்கத்து ஆட்டோக்காரர்களே சிரிக்கிறார்கள்.

அந்த வழியில் வாரம் மூன்று நாள் ஒரு வெள்ளை மாருதி 800 போய் வருகிறது. 1996-ல் வாங்கியது. ஓட்டுகிறவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டிவிட்டார். பக்கத்து சீட்டில் அவர் மனைவி. அடையாறில் ஒரு மருத்துவமனையில் அவருக்கு டயாலிசிஸ். நான்கு மணி நேரம் படுத்து எழுந்து வரும்போது உடம்பில் சக்தியே இருக்காது. அந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கேன்சல் செய்யும் டாக்ஸிக்காக வாசலில் நிற்க வைக்க மனசு வராமல்தான் பெரியவர் இந்தக் காரை இன்னும் வைத்திருக்கிறார்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் சென்னையை வேறு விதமாகப் பார்ப்பார்கள். மற்றவர்களுக்குக் கபாலி கோயில், லஸ் கார்னர், பனகல் பார்க். இவர்களுக்கு டேஷ்போர்டில் ஒரு சின்ன முள். 'சி' என்ற எழுத்துக்கும் 'ஹெச்' என்ற எழுத்துக்கும் நடுவில் அது எங்கே நிற்கிறது என்பதுதான் ஊரின் வரைபடம். கடற்கரைச் சாலையில் முள் சமர்த்தாக நடுவில் இருக்கும். லஸ்ஸில் ஒரு நூல் ஏறும். தெற்கு மாட வீதியில் காய்கறி வாங்க வந்த ஸ்கூட்டர்களுக்கு நடுவில் மாட்டினால் இன்னும் இரண்டு நூல். பனகல் பார்க் சிக்னலில், அதுவும் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை என்றால், ஓட்டுகிறவரின் கண் ரோட்டில் இருக்காது, முள்ளில்தான் இருக்கும்.

கார் ஓடும்போது முன்னாலிருந்து அடிக்கும் காற்றே ரேடியேட்டருக்குப் போதும். இன்ஜினைச் சுற்றி வந்த சூடான தண்ணீர், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் இறங்கும். காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். கார் நின்றுவிட்டால் காற்று இல்லை. இன்ஜின் மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. அப்போது காற்றை இழுத்துத் தர வேண்டிய வேலை ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிற ஃபேனுடையது. பெங்களூரு ஹைவேயில் நூறு கிலோமீட்டர் போகிற காருக்கு அந்த ஃபேன் கிட்டத்தட்டத் தேவையே இல்லை. மயிலாப்பூரிலிருந்து தி.நகர் போகிற காருக்கு அது இல்லாமல் கதி இல்லை.

அம்பாஸடரும் பிரீமியர் பத்மினியும் இந்த விஷயத்தில் வேறு ஜாதி. அவற்றில் ஃபேன் இன்ஜினோடு பெல்ட்டில் கட்டியிருக்கும். இன்ஜின் சுற்றினால் ஃபேனும் சுற்றும். வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியே கிடையாது. கோளாறு என்றால் பெரும்பாலும் பெல்ட்தான். தளர்ந்திருக்கும் அல்லது அறுந்திருக்கும், கண்ணால் பார்த்தாலே தெரியும். 1983 டிசம்பரில் முதல் மாருதி 800-ன் சாவி கைமாறிய பிறகு இந்தியத் தெருக்களில் வேறொரு பழக்கம் பரவியது. இன்ஜின் குறுக்கே படுத்திருக்கும் அந்தக் குட்டி காரில் பெல்ட் போட்டு முன்பக்கம் ஃபேனைச் சுற்ற வழியில்லை. எனவே மின்சார மோட்டார். தண்ணீர் 90 டிகிரியைத் தாண்டிக் கொஞ்சம் ஏறியதும் ஒரு தெர்மோ சுவிட்ச் உள்ளே சேரும், ஃபேன் ஓடும். சூடு இறங்கியதும் நிற்கும். பெட்ரோல் மிச்சம், சத்தம் குறைவு. ஆனால் ஒரு பெல்ட் இருந்த இடத்தில் இப்போது ஃபியூஸ், ரிலே, சுவிட்ச், மோட்டார், இவற்றையெல்லாம் சேர்க்கிற ஒயர், கடைசியாக பாடியில் முறுக்கிய எர்த் என்று ஆறு பேர். இதில் யார் லீவு போட்டாலும் மாட வீதியில் முள் ஏறும்.

தண்ணீர் கொதிப்பதும் சென்னையின் மோட்டார் சரித்திரமும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்துதான் வருகின்றன. 1901-ல் பாரி கம்பெனியின் இயக்குநர் யார்க், அடையாறிலிருந்த தன் பங்களாவிலிருந்து பாரிமுனைக்குத் தினமும் காரில் போய் வந்தார் என்றும், மதராஸ் பார்த்த முதல் கார் அதுதான் என்றும் ஊர் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து மவுண்ட் ரோடு சிம்ப்ஸன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் ஒரு காரைக் கட்டினார். அது நீராவி கார். தண்ணீர் கொதித்தால்தான் ஓடும்! அதற்கப்புறம் வந்த காரெல்லாம் கொதித்தால் நிற்கிற கார்கள். வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் செய்த ஹெரால்டு காரை வைத்திருந்த குடும்பங்களில், டிக்கியில் ஒரு தண்ணீர் கேன் எப்போதும் இருக்கும் என்பதை இன்றைக்கும் தாத்தாக்கள் பேரன்களுக்குச் சொல்கிறார்கள்.

பெரியவரின் காருக்கு வருவோம். சித்திரை பிறந்து பத்துப் பதினைந்து நாள். டயாலிசிஸ் முடித்துத் திரும்பும் மாலை. அடையாறு சிக்னலில் இரண்டு முறை பச்சை விழுந்தும் நகர முடியவில்லை. முள் முக்கால் இடத்துக்குப் போனது. பாலம் ஏறினால் காற்று கிடைக்கும், இறங்கிவிடும் என்று கணக்குப் போட்டார். பாலத்தின் மேலும் வண்டிகள் நின்றிருந்தன. கிழக்கே தியசாஃபிகல் சொசைட்டியின் மரங்களுக்கு மேலாகக் கடற்காற்று வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது காரின் பக்கவாட்டில் அடித்தது. முன்னால் நின்ற பஸ்ஸின் புகை மட்டும் நேராக வந்தது. பாலத்தின் நடுவில் பானெட் ஓரமாக ஆவி கிளம்பியது.

இறங்கிப் பானெட்டைத் தூக்கியதும், பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் கத்தினார்.

"சார், சார்! மூடில கை வைக்காதீங்க!"

அவர் கத்தியது நல்லதாகப் போயிற்று. கைக்குட்டையை மடித்து ரேடியேட்டர் மூடியைத் திறக்கத்தான் பெரியவர் போயிருந்தார். அந்த மூடி வெறும் மூடி இல்லை; உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும் வால்வு. நம் சமையலறை குக்கர் மாதிரிதான். அழுத்தத்தில் இருக்கும்போது தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 120-ஐ ஒட்டித்தான் கொதிக்கும். அந்தச் சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் ஒரே நொடியில் போய், உள்ளே இருக்கிற தண்ணீர் அப்படியே ஆவியாகி முகத்தில் அடிக்கும். கைக்குட்டை அதற்குமுன் ஒன்றுமில்லை. இன்ஜினை அணைத்து, அரை மணி, முக்கால் மணி நேரம் விட்டு, மேல் ஹோஸைத் தொட்டால் கை தாங்குகிறது என்ற பிறகுதான் திறக்க வேண்டும். அப்போதும் ஒரு சுற்று, கொஞ்சம் பொறுத்து மறு சுற்று. சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் கூடாது. மாருதி 800-ன் சிலிண்டர் ஹெட் அலுமினியம். சட்டென்று குளிர்ந்தால் வளையும், வெடிக்கும்.

ஆட்டோக்காரர் இன்னொன்றும் செய்தார். "அம்மாவ நான் வூட்ல வுட்டுர்றேன் சார், நீங்க வண்டியப் பாருங்க" என்றார். அந்த அம்மாள் போகும்போது கணவரைப் பார்த்து, "மூடியைத் தொறக்காதீங்க" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப்பில் காரைப் பார்த்தார்கள். ஃபேன் ஓடவில்லை. பேட்டரியிலிருந்து நேரடியாக ஒயர் கொடுத்துப் பார்த்தும் மோட்டார் முனகியதே தவிர சுற்றவில்லை. உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்து போயிருந்தது. வயசு முப்பதை நெருங்கும் மோட்டார். அதைக் குற்றம் சொல்ல முடியாது. வேறு மோட்டார் புதுப்பேட்டையிலிருந்து வந்தது.

புதுப்பேட்டையைத் தெரியாத கார்க்காரர் சென்னையில் இருக்க முடியாது. கூவத்தின் கரையில், எழும்பூருக்குப் பக்கத்தில், பிரித்த கார்களின் பாகங்கள் கடை கடையாகத் தொங்கும் இடம். கதவு தனி, கண்ணாடி தனி, ஸ்டியரிங் தனி. மாருதி 800-ன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுபோனாலும் இங்கே அதற்குச் சாவு இல்லை. புதுசாக வேண்டுமென்றால் அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டை பக்கம் பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. ஊர் வாயில் ஜி.பி. ரோடு. ஒரு ஹோஸ் கிளிப்பிலிருந்து முழு ரேடியேட்டர் வரை கிடைக்கும். "ஒரிஜினலா, லோக்கலா?" என்பதுதான் அங்கே முதல் கேள்வி. விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால் மூன்றாவதாக ஒன்றும் உண்டு: "செகண்ட்ஸ் வேணும்னா புதுப்பேட்டை போங்க."

பெரியவருக்கு வந்தது செகண்ட்ஸ். மோட்டாரின் பிளக் இந்தக் காரின் பிளக்கோடு சேரவில்லை. ஒர்க்‌ஷாப் பையன் இரண்டு ஒயரையும் வெட்டி, முறுக்கி, டேப் சுற்றினான். ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் விட்டதும் 'டிக்' என்று ரிலே சத்தம், பிறகு ஃபேன் உறுமியது. பழைய ஃபேனைவிடச் சத்தம் அதிகம். எல்லோருக்கும் திருப்தி.

மூன்றாம் நாள் தி.நகர். தங்கை பேத்தி கல்யாணத்துக்குப் புடவை வாங்க வேண்டும். லஸ் சர்ச் ரோடு, எல்டாம்ஸ் ரோடு, அண்ணா சாலையைக் கடந்து தியாகராய ரோடு. பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலமாக்கி அழகாக்கியதிலிருந்து நடக்கிறவர்களுக்குக் கொண்டாட்டம். கார்களுக்கு மிஞ்சிய இடத்தில் மெள்ள ஊர வேண்டும். நியாயம்தான், அந்தத் தெரு என்றைக்கும் நடக்கிறவர்களுடையது. பனகல் பார்க் வருவதற்குள் முள் மறுபடியும் முக்கால்.

தி.நகரில் கார் கொதிப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன் அந்த இடம் முழுக்கத் தண்ணீர். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த ஏரியை 1920-களில் வற்ற வைத்து, மனை போட்டு, தியாகராயச் செட்டியார் பெயரில் உண்டாக்கிய நகர் அது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது, ஏரிதான் இல்லை. கடற்கரையோரம் மதியம் வீச ஆரம்பிக்கும் கடற்காற்றும் மயிலாப்பூரைக் குளிர்வித்து, கட்டடங்களுக்கு நடுவே நுழைந்து இங்கே வந்து சேர நேரமாகும். மே மாதம் மூன்று மணிக்கு மந்தைவெளியில் சட்டை லேசாகப் படபடக்கும்போது உஸ்மான் ரோட்டில் இலை அசையாது.

ஆனால் இந்தத் தடவை ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாகக் காதில் கேட்டது. பெரியவர் இறங்கிப் பார்த்தார், சுற்றுகிறது. பிறகு ஏன் சூடு?

இங்கிருந்து அந்தக் காருக்குக் கெட்ட காலம். 'ஃபேன் சுத்துதே' என்று எல்லோரும் ஃபேனை விட்டுவிட்டார்கள். முதல் ஆலோசனை, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி. இது நம் ஊரில் ரொம்ப நாளாக இருக்கும் வைத்தியம். வெயில் நாட்டில் அது எதற்கு என்பார்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பாமல் நிறுத்துவதுதான் அதன் வேலை. கழற்றிவிட்டால் நீண்ட சாலையில் இன்ஜின் சூடேறாமலே ஓடும், பெட்ரோல் குடிக்கும், தேயும். கெட்டுப்போயிருந்தால் மாற்ற வேண்டும், பிடுங்குவது தீர்வில்லை. பெரியவரின் காரில் பிடுங்கினார்கள். முள் மாறவில்லை.

அடுத்து ஹெட் கேஸ்கெட் என்றார் ஒருவர். இன்ஜினைப் பிரித்தால்தான் தெரியும், பிரித்தால் முழு வேலையும் பார்த்துவிடலாம் என்று ஒரு தொகை சொன்னார். காரை விற்றாலே அவ்வளவு வராது. இரவு வெளிநாட்டிலிருந்து மகன் வீடியோ காலில் வந்தான்.

"வித்துடுங்கப்பா. இந்த வருஷம் பதிவு வேற புதுப்பிக்கணும். எதுக்கு?"

அவன் சொன்னதில் தப்பில்லை. தனியார் காருக்குப் பதிவு 15 வருடம். அப்புறம் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 1996-ன் கார், 2011, 2016, 2021 தாண்டி நான்காவது தடவைக்கு 2026-ல் வந்து நிற்கிறது. 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வயதைக் கடந்த கார்களுக்கு 2025-ல் மேலும் ஏற்றிவிட்டார்கள். கொதிக்கிற காரை எடுத்துக்கொண்டு சோதனைக்குப் போக முடியுமா? பெரியவர் பதில் சொல்லவில்லை. அவர் மனைவிதான், "டயாலிசிஸுக்கு யாருடா கூட்டிண்டு போவா, நீ வரியா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நெட்வொர்க் போய்விட்டது என்று இருவருமே வைத்துக்கொண்டார்கள்.

அந்த வாரம் மூன்று தடவையும் டாக்ஸியில்தான் போனார்கள். ஒரு நாள் நாற்பது நிமிடம் காத்திருந்தார்கள்.

ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் பெயர்ப் பலகை இல்லாத கொட்டகை. அங்கே இருக்கிறவரை எல்லோரும் பாய் என்கிறார்கள். பழைய மாருதி, பத்மினி மட்டும்தான் தொடுவார். ஜி.பி. ரோடு கடைக்காரர் ஒருவர்தான் அனுப்பி வைத்தார். பாய் பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் ஒரு கேள்வி.

"ஓடும்போது சூடாவுதா சார், நிக்கும்போதா?"

"நிக்கும்போது, பாய். டிராஃபிக்ல."

"பீச் ரோட்ல?"

"ஒண்ணும் ஆகறதில்ல."

பாதி வைத்தியம் அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிட்டது. ஓடும்போது சூடேறினால் ரேடியேட்டரில் அடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் என்று தண்ணீரின் பக்கம் தேட வேண்டும். ஓடும்போது சரியாக இருந்து, நிற்கும்போது மட்டும் ஏறினால் காற்றின் பக்கம். கேஸ்கெட் போன கார் பீச் ரோட்டில் மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளாது.

இருந்தாலும் பாய் கேஸ்கெட்டையும் பார்த்தார். இன்ஜின் ஆறியிருந்தது. மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து தண்ணீரைக் கவனித்தார், குமிழி கிளம்பவில்லை. ஆயில் ஸ்டிக்கை எடுத்து விரலில் தேய்த்தார். காப்பியில் பால் கலந்த மாதிரி ஆகவில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. "கேஸ்கெட்டு நல்லா கீது. யாரு சார் பிரிக்கச் சொன்னது?" என்றார். பெரியவர் பெயர் சொல்லவில்லை.

பிறகு ரேடியேட்டரில் விரலை விட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். உள்ளே பழுப்பாகப் படிந்திருந்தது. "போர் தண்ணியா?" போர் தண்ணீர்தான். மயிலாப்பூர், மந்தைவெளி பக்கம் கடலுக்கு இவ்வளவு அருகில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. குழாய், வாளி, கீசர் எல்லாவற்றிலும் வெள்ளை படியும். ரேடியேட்டரின் நூல் குழாய்கள் மட்டும் தப்புமா? பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் சரிபாதி கலந்து ஊற்ற வேண்டும் என்றார். கூலன்ட் என்பது சும்மா பச்சைச் சாயம் என்று நினைப்பவர்கள் நிறைய. துருப்பிடிக்காமல் காப்பதும், கொதிநிலையைக் கொஞ்சம் ஏற்றுவதும் அதுதான்.

காரை ஓடவிட்டுக் காத்திருந்தார்கள். முள் நடுவைத் தாண்டியது. 'டிக்'. ஃபேன் உறுமியது.

பாய் வைப்பரில் சொருகியிருந்த ஒரு நோட்டீஸை எடுத்தார். தி.நகரில் காரை நிறுத்தினால் யாராவது சொருகிவிட்டுப் போவார்களே, ஆடித் தள்ளுபடி மாதிரி ஏதோ ஒன்று. அதைக் காரின் முன்பக்க கிரில்லுக்கு நேரே ஒட்டினாற்போல் பிடித்து, கையை விட்டார்.

நோட்டீஸ் பறந்து போய்த் தரையில் விழுந்தது.

"பாத்தீங்களா சார்? ஒட்டிக்கணும். தள்ளுது."

ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிறது. முன்னாலிருந்து வெளிக்காற்றை ரேடியேட்டர் வழியாக உள்ளே இழுப்பது அதன் வேலை. சரியாக இழுத்தால் காகிதம் கிரில்லில் போய் ஒட்டிக்கொள்ளும். இது தலைகீழாகச் சுற்றி, இன்ஜின் அறையின் சூடான காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அந்த மோட்டார் டி.சி. மோட்டார், பிளஸ், மைனஸ் மாறினால் நிற்காது, எதிர்ப்பக்கம் சுற்றும். இறக்கையின் வளைவு ஒரு பக்கத்துக்கென்று செய்தது என்பதால் மறுபக்கம் சுற்றும்போது காற்றும் அரைகுறை. சத்தம் மட்டும் கூடுதல். புதுப்பேட்டை மோட்டாரின் இரண்டு ஒயரையும் வெட்டி முறுக்கிய அந்த நாள், பையன் நிறம் பார்க்காமல் மாற்றி முறுக்கிவிட்டான். கண்ணுக்குச் சுற்றுவது தெரிகிறது. எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று யார் பார்த்தார்கள்?

டேப்பைப் பிரித்து, இரண்டு ஒயரையும் மாற்றி, முறுக்கிவிடாமல் முறையாக கனெக்டர் போட்டார் பாய். ஐந்து நிமிடம். மறுபடி நோட்டீஸ். இந்தத் தடவை அது பட்டென்று கிரில்லில் ஒட்டியது. பெரியவர் அதைப் பிய்த்து எடுத்து, தானும் ஒரு தடவை வைத்துப் பார்த்தார். இன்னொரு தடவையும்.

பாய் விடவில்லை. எர்த் ஒயரை அவிழ்த்துக் காட்டினார். நுனியில் பச்சையாகப் பூத்திருந்தது. கடல் காற்று. சாந்தோம், மயிலாப்பூர், பெசன்ட் நகர் வண்டிகளில் இது சகஜம் என்றார். எர்த் சரியில்லாவிட்டால் ஃபேன் சோம்பலாகச் சுற்றும், ஃபியூஸ் நன்றாக இருக்கும், மோட்டார் நன்றாக இருக்கும், யாருக்கும் எதுவும் பிடிபடாது. எமெரி தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி முறுக்கினார். பிறகு தெர்மோ சுவிட்சின் இணைப்பைக் கழற்றி, ஒயர்களை ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்தார். ஃபேன் ஓடியது. "நடுரோட்ல சுவிட்சு போச்சுன்னு வையுங்க, இப்டி சேத்து வுட்டுட்டு வூட்டுக்கு வந்துரலாம். ஃபேன் நிக்காம ஓடும், அவ்ளோதான்" என்று அந்தக் கம்பியைப் பெரியவர் கையிலேயே கொடுத்தார். சேர்த்தும் ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று பின்னால் போய்த் தேட வேண்டும். எல்லா காருக்கும் இது பொருந்தாது. புதிய கார்களில் ஃபேனை கம்ப்யூட்டர் ஓட்டுகிறது. கம்பி வைத்து விளையாடினால் வேறு செலவு வரும்.

பிடுங்கிய தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் புதிது ஜி.பி. ரோட்டிலிருந்து வந்தது. ரேடியேட்டரைக் கழற்றி அலசினார்கள். வந்த தண்ணீர் ரசம் மாதிரி இருந்தது. மொத்தச் செலவு, இன்ஜின் பிரிக்கச் சொன்னவர் கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பையனுக்குச் சொல்லிவிடலாமா என்று பெரியவர் யோசித்தது உண்மை. பிறகு அந்தப் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது என்று விட்டுவிட்டார்; போய் ஒயர் நிறத்தை மட்டும் காட்டிவிட்டு வந்தார்.

அடுத்த டயாலிசிஸ் நாள் அக்னி நட்சத்திரத்துக்குள் விழுந்தது. சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி அடித்ததே, அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் மாலையில் ரோடு அனலாகத்தான் இருந்தது. அடையாறு சிக்னலில் மூன்று பச்சை போயிற்று. பாலத்தின் மேல் போன தடவை நின்ற அதே இடத்துக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. முள் நடுவைத் தாண்டி ஒரு நூல், இரண்டு நூல். பெரியவர் ரேடியோவை அணைத்தார்.

'டிக்.'

"வந்துடுத்தா?" என்றார் அவர் மனைவி, கண்ணை மூடியபடியே.

"ம்."

முள் மெள்ள இறங்கியது. வீடு சேர ஐம்பது நிமிடம் ஆனது. அதில் முள் நான்கு தடவை ஏறி, நான்கு தடவை இறங்கியது.

பதிவைப் புதுப்பிக்கத் தாள்களை எடுத்து வைத்துவிட்டார். அதற்குமுன் மேல் ஹோஸை மாற்றச் சொல்லியிருக்கிறார் பாய். அழுத்தினால் நொறுங்குகிற பக்குவத்துக்கு வந்துவிட்டதாம். சனிக்கிழமை காலை, கடைகள் கூட்டம் சேருவதற்கு முன், ஜி.பி. ரோடு போவதாக ஏற்பாடு. ஒரிஜினல்தான் வாங்க வேண்டும் என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார்.